றெக்கைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகக் கொஞ்சம் சுருக்கி, திருத்தப்பட்டுள்ளது.)

இன்னிக்கு நாம பேசப் போற விஷயம் ரொம்பச் சின்னது. எவ்வளவு சின்னதுன்னா, ஒரு மில்லிமீட்டர்.

நெல்லிக்குப்பத்தில் எங்க வீட்டு மாடி அறையில், ஜன்னல் ஓரமா ஒரு மேசை. அது மேல பாதி கட்டின ஒரு பிளாஸ்டிக் விமானம். நிஜ விமானத்தில் 72-இல் ஒரு பங்கு அளவு. உடம்பின் இரண்டு பாதிகளையும் ஒட்டியாச்சு. றெக்கையையும் தனியா ஒட்டியாச்சு. ரெண்டையும் சேர்த்து வெச்சா, இடது பக்கம் கச்சிதமா உட்காருது. வலது பக்கம் ஒரு மில்லிமீட்டர் விலகி நிக்குது. அழுத்திப் பிடிச்சா சேருது, கையை எடுத்தா மறுபடி வாயைத் திறக்குது.

ஒரு மில்லிமீட்டர்தானே? 72-ஆல் பெருக்கிப் பாருங்க. 7.2 சென்டிமீட்டர். நிஜ விமானமா இருந்தா அந்தச் சந்துக்குள்ள கையை விட்டுத் துழாவலாம். பிளாஸ்டிக் மாடல் கட்டுறவங்களுக்குச் சந்து ஒரு பெரிய பிரச்சினையா இருக்கறதுக்குக் காரணம் இந்தப் பெருக்கல் கணக்குதான். கண்ணுக்குத் தெரியாத தப்பு, 72 மடங்கு பெரிய பொய்யா மாறிடும்.

இந்த விமானம் கடையில் வாங்கின புதுசு இல்லை. ஆன்லைனில் பழைய சாமான் விற்கிற ஒருத்தர்கிட்ட வாங்கினது. பெட்டி கிடையாது, செய்முறைத் தாள் கிடையாது, ஒரு பாலிதீன் பையில் பாகங்கள் மட்டும். எந்தக் கம்பெனி செஞ்சதுன்னே தெரியலை. புதுசா வாங்கலாமேன்னு கேப்பீங்க. 2020-இல் பொம்மைகளுக்கான சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆச்சு, 2023-இல் 70 ஆச்சு. அளவு குறைச்ச மாடல்களும் சுங்கத்துறைக் கணக்கில் பொம்மை வகையில்தான் வருது. அதனால் என்னை மாதிரி ஆட்களுக்குப் பழசுதான் கட்டுப்படியாகும். பழசுன்னா சந்தும் சேர்ந்தே வரும்.

விமானத்தின் பேர் மட்டும் தெரியும்: போல்ட்டன் பால் டிஃபையன்ட். இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் சண்டை விமானம். இதுக்கும் நம்ம ஊருக்கும் ஒரு சம்பந்தம் இருக்கு. அதைக் கடைசியில் சொல்றேன்.

என் மாமா நெய்வேலி டவுன்ஷிப்பில் இருக்கார். சுரங்கத்துப் பணிமனையில் ஃபிட்டரா வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பண்ருட்டி வழியா பஸ் மாறி வீட்டுக்கு வந்திருந்தவர், நான் எம்-சீல் பாக்கெட்டைப் பிரிக்கிறதைப் பார்த்துட்டுச் சொன்னார்: “இரு மாப்ள. அடைக்கறதுக்கு முன்னாடி, அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாத்தியா?”

நான் பார்க்கலை. இந்த எபிசோடே அந்தக் கேள்விக்குப் பதில்தான்.

பறக்காத பென்குயின்

பிளாஸ்டிக் விமானக் கிட்டின் கதை 1936-இல், இங்கிலாந்தில் தொடங்குகிறது. ஃப்ராக் என்ற பெயரில் பறக்கும் மாடல்களை விற்றுக்கொண்டிருந்த நிறுவனம், அந்த ஆண்டு பறக்காத மாடல்களையும் கொண்டுவந்தது. அந்த வரிசைக்கு அவர்கள் வைத்த பெயர் பென்குயின். பறக்காத பறவை, அதான்.

அந்தப் பென்குயின்களின் பிளாஸ்டிக், இன்று நாம் பார்க்கும் பாலிஸ்டைரீன் இல்லை. செல்லுலோஸ் அசிடேட். பழைய சினிமா ஃபிலிம் சுருள்கள் வயசானதும் வினிகர் வாடை அடித்துச் சுருங்கிப்போகும்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அதே குடும்பத்துப் பொருள்தான். காலம் போகப் போக அது சுருங்கும், வளையும், முறுக்கிக்கொள்ளும். 1936-இல் கச்சிதமாகச் சேர்ந்த ஒரு றெக்கை, சில பத்தாண்டு கழித்துத் திறந்து பார்த்தால் வாழை இலை மாதிரி வளைந்திருக்கும். இந்தத் துறையின் முதல் சந்துக்குக் காரணம் கட்டினவர் இல்லை. பொருளே காரணம்.

போர் வந்ததும் மாடல் விமானம் விளையாட்டுச் சாமானாக மட்டும் இருக்கவில்லை. வானத்தில் போவது நம்ம விமானமா எதிரி விமானமா என்று ஒரு நொடியில் சொல்ல வீரர்களைப் பழக்க வேண்டும். 1942-இல் அமெரிக்கக் கடற்படை, நாட்டின் பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மர மாடல்கள் கேட்டது. 50 வகை விமானம், வகைக்கு 10,000. அளவு 72-இல் ஒன்று. பசங்க செதுக்கியதை வார்ப்புரு அட்டை வைத்து அளந்து பார்த்தார்கள். ஏனென்றால் றெக்கை கொஞ்சம் கோணலாகச் சேர்ந்தாலும் நிழலுருவம் வேறு விமானமாகிவிடும். நம்ம ஆளையே நாம சுட்டுடுவோம். சரியாகச் சேர வேண்டும் என்கிற பிடிவாதம் இந்தப் பொழுதுபோக்கில் இப்படியும் ஊறியிருக்கு.

அச்சு எப்படிச் செஞ்சாங்க?

போருக்குப் பிறகு பாலிஸ்டைரீன் வந்தது. மலிவு, பளபளப்பு, அசிடேட் மாதிரி சுருங்காது. 1953-இல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் தன் முதல் விமானக் கிட்டான ஸ்பிட்ஃபயரை வெளியிட்டது. ஒரு பாலிதீன் பை, மேலே மடித்த அட்டை, விலை இரண்டு ஷில்லிங், உல்வர்த்ஸ் கடைகளில் விற்பனை. பள்ளிக்கூடப் பையன் தன் கைக்காசில் வாங்கக்கூடிய விமானம்.

இதை எப்படிச் செய்தார்கள்? முதலில் மரத்தில் ஒரு பெரிய மாதிரி செதுக்குவார்கள். பிறகு பாண்டோகிராஃப் என்ற கருவி. ஒரு முனை பெரிய மாதிரியின் மேல் தடவிக்கொண்டே போகும், மறுமுனை அதே அசைவைச் சின்னதாக்கி உலோகத்தில் குடையும். விமானத்தின் இடது பாதிக்கு ஒரு குழி, வலது பாதிக்கு இன்னொரு குழி. ரெண்டையும் தனித்தனியாக, மனுஷக் கைதான் முடிக்கும். எவ்வளவு கைதேர்ந்த ஆள் என்றாலும் மயிரிழை வித்தியாசம் வரும். மயிரிழையை 72-ஆல் பெருக்குங்க, அவ்வளவுதான்.

அடுத்தது சூடு. பாலிஸ்டைரீனை 200 டிகிரிக்கு மேல் உருக்கி, அழுத்தத்தில் அச்சுக்குள் செலுத்துவார்கள். ஆறும்போது அது ஆயிரத்துக்கு நாலு முதல் ஏழு பங்கு வரை சுருங்கும். இதற்கு ஈடுகட்டி அச்சைக் கொஞ்சம் பெரிதாகவே வெட்டியிருப்பார்கள். ஆனால் தடியான இடம் மெதுவாக ஆறும், மெல்லிய இடம் சீக்கிரம் ஆறும். ஒரே பாகத்தில் இரண்டு வேகம். அதனால் தடியான இடத்தில் குழி விழும், நீளமான பாகம் லேசா முறுக்கும். சென்னை கிண்டியில் 1968-இல் தொடங்கிய சிப்பெட்டில் மோல்டு படிக்கிற யாரையாவது கேளுங்க, இந்தச் சுருக்கத்தை எப்படிச் சமாளிக்கறதுங்கறதுதான் பாதிப் படிப்புன்னு சொல்வாங்க.

மூணாவது, வயசு. அச்சு தேயும். இரண்டு இரும்புப் பாதிகள் முன்னே மாதிரி இறுக்கமாக மூடாது. அந்த இடுக்கில் பிளாஸ்டிக் கசிந்து, பாகத்தின் ஓரத்தில் தாள் மாதிரி பிசிறு நிற்கும். ஃப்ராக் நிறுவனத்தின் கதையே இதற்கு உதாரணம். 1970களின் பின்பாதியில் அதன் அச்சுகள் பலவும் சோவியத் யூனியனுக்குப் போயின. நோவோ என்ற பெயரில் அதே விமானங்கள் மறுபடி வந்தன. ஒரே அச்சு, வேற நாடு, வேற பெட்டி, ஒவ்வொரு கை மாறும்போதும் இன்னும் கொஞ்சம் பிசிறு.

இன்னிக்கு அச்சை கம்ப்யூட்டரில் வரைந்து, மெஷினே வெட்டுது. இடதும் வலதும் ஒரே கோப்பிலிருந்து வருது. சந்து ரொம்பக் குறைஞ்சிருக்கு. ஆனா சுருக்கம் போகலை. பிளாஸ்டிக் ஆறித்தானே ஆகணும்?

எதை வெச்சு அடைச்சாங்க?

முதல் பதில், பசையேதான். பாலிஸ்டைரீன் சிமென்ட் நம்ம வீட்டுப் பசை மாதிரி ஒட்டுறது இல்லை. இரண்டு பக்கத்தையும் கரைக்கும். கரைந்த இரண்டும் கலந்து, கரைப்பான் ஆவியானதும் ஒரே பிளாஸ்டிக்காக இறுகும். வெல்டிங் மாதிரி. அதனால் சந்து சின்னதாக இருந்தால், பசை ஊறியதும் அழுத்தி, ஒரு மெல்லிய கோடாகப் பிளாஸ்டிக் வெளியே பிதுங்க விட்டு, காய்ந்ததும் தேய்த்தால் போதும். அடைப்பே தேவையில்லை. ஆனால் டியூப் பசையை அதிகம் போட்டால் கரைப்பான் உள்ளேயே தங்கி, வாரக்கணக்கில் மெல்ல வெளியேறும். நீங்க தேய்ச்சு, பெயிண்ட் அடிச்சு, ஷெல்ஃபில் வெச்ச பிறகு, அந்தக் கோடு ஒரு பள்ளமாகத் திரும்பி வரும். பேய் மாதிரி.

இரண்டாவது, காசில்லாத தந்திரம். பாகங்கள் தொங்கிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சட்டம் மிச்சமாகும் இல்லையா? அதை மெழுகுவர்த்தி மேல் காட்டி, இளகினதும் இழுத்தால் நூல் மாதிரி நீளும். அந்த நூலைச் சந்தில் படுக்க வைத்து, மேலே திரவப் பசை தொட்டால் கரைந்து உட்காரும். இல்லை, அதே சட்டத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, திரவப் பசை பாட்டிலில் போட்டு இரண்டு நாள் விட்டால் கூழ் மாதிரி ஆகும். அந்த விமானத்தின் பிளாஸ்டிக்காலேயே அந்த விமானத்தின் சந்தை அடைக்கலாம். தேய்க்கும்போது ஒரே கடினம் என்பதால் மேடு பள்ளம் வராது.

மூணாவது, பட்டி. இதை நம்ம ஊரில் விளக்கவே வேண்டாம். பட்டி பாத்து, டிங்கரிங் பண்ணி, பெயிண்ட் அடிக்கிறது கார் ஷெட்டிலேர்ந்து நம்ம பேச்சுக்கே வந்துடுச்சு. மாடலுக்கும் அதே வகைப் பட்டிதான். ஒரு எச்சரிக்கை: அதில் இருக்கும் தின்னர் ஆவியாகும்போது பட்டி சுருங்கும், அதிகமாகப் போட்டால் அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கையும் கரைக்கும். மெல்லிசா ஒரு பூச்சு, ஒரு நாள் காத்திருப்பு, மறுபடி ஒரு பூச்சு. அவசரப்பட்டால் பள்ளம்தான்.

நாலாவது, எம்-சீல் வகை. இரண்டு களிம்பைச் சம அளவில் பிசைந்தால் இறுகும் எபாக்ஸி. வெளிநாட்டில் மில்லிபுட் என்று தேடி வாங்குவாங்க. நமக்குத் தண்ணிக் குழாய் ஒழுகினால் தெருமுனைக் கடையில் கிடைக்கும். இதில் தின்னர் இல்லை, அதனால் சுருங்காது. இறுகறதுக்கு முன்னாடி ஈர விரலால் தடவி, மீதியைத் துடைச்சு எடுத்துட்டா, உப்புத்தாளே தேவைப்படாது. றெக்கை உடம்போடு சேரும் மூலை மாதிரி தேய்க்க முடியாத இடத்துக்கு இதுதான் சரி.

அஞ்சாவது, நம்ம ஃபெவிக்விக் மாதிரியான உடனடிப் பசை. வேதியியலில் சயனோஅக்ரிலேட். இதன் கதை சுவாரசியம். 1942-இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் என்ற வேதியியலாளர், துப்பாக்கிக் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடினார். இது எதைத் தொட்டாலும் ஒட்டிக்கொண்டதால் தூக்கிப் போட்டுவிட்டார்கள். 1951-இல் ஜெட் விமானத்தின் கண்ணாடிக் கூடாரத்துக்குப் பொருள் தேடும் ஆய்வில் அது மறுபடி கையில் சிக்கி, ஒரு விலை உயர்ந்த அளவுக் கருவியின் பட்டகங்களை ஒட்டிவிட்டது. அப்போதுதான் ‘இது பசைடா’ என்று புரிந்தது. 1958-இல் விற்பனைக்கு வந்தது. முகப்பவுடரோடு கலந்து சந்தில் வைத்தால் அருமையான அடைப்பு. ஆனா ஒரு நாளுக்குள்ள தேய்ச்சுடணும். விட்டா பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகி, சுத்தி இருக்கறது தேயும், அது தேயாது. அப்புறம், விமானத்தின் கண்ணாடிக்குக் கிட்டயே கொண்டுபோகாதீங்க. அதன் ஆவி கண்ணாடியைப் பால் மாதிரி மங்கலாக்கிடும். ஜெட் கண்ணாடிக்கான ஆய்வில் கிடைச்ச பசை, மாடல் கண்ணாடிக்கு எமன். கண்ணாடிக்கு ஃபெவிக்கால்தான். காய்ஞ்சா தெளிவா இருக்கும், ஆவியும் இல்லை.

நிஜ விமானத்துக்கும் பட்டி உண்டு

இங்க ஒரு சந்தேகம் வரலாம். பட்டி பார்க்கிறது ஏமாத்து வேலைதானே? நிஜ விமானம் அப்படியா இருந்தது?

ஆமாம், சிலது அப்படித்தான் இருந்தது. அமெரிக்காவின் மஸ்டாங், அக்டோபர் 1940-இல் முதலில் பறந்த சண்டை விமானம். அதன் றெக்கை வடிவம், காற்று கலையாமல் வழுக்கிப் போவதற்காக வரையப்பட்டது. தகடுகள் சேரும் கோடும் ஆணித் தலையும் காற்றைக் கலைக்கும். அதனால் தொழிற்சாலையிலேயே றெக்கையின் முன்பகுதிச் சந்துகளையும் ஆணிகளையும் பட்டி போட்டு மூடி, தேய்த்து, பெயிண்ட் அடித்தார்கள். நம்ம ஷெட்டில் செய்கிற அதே வேலை. மஸ்டாங் மாடலில் றெக்கை முழுக்க ஆழமான கோடுகள் இருந்தால், அதை அடைப்பதுதான் வரலாற்றுக்கு நியாயம்.

ஸ்பிட்ஃபயர் கதை இன்னும் நல்லா இருக்கும். தலை மழுங்கிய ஆணியை எல்லா இடத்திலும் அடிப்பது நேரமும் காசும் பிடிக்கும் வேலை. எங்கே அவசியம், எங்கே உருண்டைத் தலை ஆணி போதும் என்று தெரிய வேண்டும். அதற்காக முதல் ஸ்பிட்ஃபயரின் வழவழப்பான ஆணிகளின் மேல் உடைத்த பட்டாணியைப் பசை போட்டு ஒட்டிப் பறக்க விட்டார்கள். வேகம் மணிக்கு 22 மைல் வரை குறைந்தது. பிறகு பட்டாணி வரிசைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து எடுத்து, எந்த இடம் வேகத்தைத் தின்கிறது என்று கண்டுபிடித்தார்கள். எந்த மேட்டைத் தேய்ப்பது, எதை விடுவது என்று அளந்துதான் முடிவு பண்ணினார்கள்.

அதே சமயம், நிஜ விமானத்தில் மூடவே கூடாத சந்துகளும் உண்டு. றெக்கையின் பின்னோரத்தில் அசையும் பட்டைகள், வால் சுக்கான், எரிபொருள் மூடி, இறங்கு சக்கரத்தின் கதவு. அங்கே சந்து இல்லைன்னா விமானம் திரும்பாது, இறங்காது.

ஃபிட்டர் பாடம்

இப்போ மேசைக்குத் திரும்புவோம். மாமா எம்-சீலை ஓரமா வெச்சார். பசை போடாமல் றெக்கையை உடம்பில் சேர்த்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

“சந்து தெரியற இடத்தைப் பாக்காத மாப்ள. எங்க தொட்டுக்கிட்டு நிக்குதுன்னு பாரு. தப்பு அங்கதான் இருக்கும்.”

பணிமனையில் ஃபிட்டர்கள் இரண்டு இரும்புப் பரப்பு சரியாகச் சேருதா என்று பார்க்க, ஒன்றில் நீலச் சாயத்தை மெல்லிசாகத் தடவி, இன்னொன்றை வைத்து எடுப்பார்கள். மேடு இருக்கும் இடத்தில் மட்டும் நீலம் ஒட்டும். அதை மட்டும் சுரண்டுவார்கள். மறுபடி வைத்துப் பார்ப்பார்கள். எங்களிடம் நீலச் சாயம் இல்லை. மாமா அக்காவின் கண் மையைக் கேட்டு வாங்கினார். றெக்கையின் ஓரத்தில் ஒரு தடவு. சேர்த்து எடுத்தோம். உடம்பின் உள்பக்கம், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாத ஒரு மூலையில், கடுகளவு கறுப்பு.

அச்சிலிருந்து பாகத்தை வெளியே தள்ளும் கம்பி விட்டுப்போன ஒரு மொட்டு அது. சின்ன அரத்தால் நாலு இழுப்பு. வைத்துப் பார்த்தோம். ஒரு மில்லிமீட்டர் சந்து பாதியாகிடுச்சு. நான் மட்டும் எம்-சீலை அடைச்சிருந்தா, அந்த மொட்டு உள்ளேயே இருந்து றெக்கையைக் கோணலாவே பிடிச்சிருக்கும். மேலே வழவழன்னு, உள்ளே தப்பு.

மீதிப் பாதிக்குக் காரணம் வேற. உடம்பு உள்பக்கமா லேசா ஒடுங்கியிருந்தது. ஆறும்போது வந்த சுருக்கம். மிச்சச் சட்டத்தில் ஒரு துண்டு வெட்டி, குறுக்கே முட்டுக் கொடுத்து உடம்பை விரிச்சோம். றெக்கை நுனிகளை மாஸ்கிங் டேப்பால் கொஞ்சம் மேல் நோக்கி இழுத்துக் கட்டி, அந்த நிலையிலேயே பசை விட்டு, ஒரு ராத்திரி விட்டோம். காலையில் பார்த்தா மிச்சம் கிட்டத்தட்ட 0.2 மில்லிமீட்டர். நிஜ அளவில் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் கம்மி. அதுக்குத்தான் எம்-சீல். கடுகளவு, ஈர விரல், முடிஞ்சது.

மாமாவின் வரிசையை அப்படியே சொல்றேன், குறிச்சுக்கோங்க. முதல்ல பசை இல்லாம சேர்த்துப் பாருங்க. ரெண்டாவது, முட்டுற மேட்டைக் கண்டுபிடிச்சுத் தேயுங்க. மூணாவது, ஒடுங்கினதை விரிங்க, விரிஞ்சதைக் கட்டுங்க. கடைசியாத்தான் அடைக்கணும். அடைச்ச பிறகு உப்புத்தாள் 400, 600, 1000-ன்னு படிப்படியா, தண்ணி தொட்டுத் தேயுங்க, தூசி பறக்காது. அப்புறம் சாம்பல் நிற பிரைமர் ஒரு பூச்சு. பட்டி ஒரு நிறம், பிளாஸ்டிக் ஒரு நிறம்னு இருக்கறவரைக்கும் கண்ணு ஏமாறும். பிரைமர் அடிச்சாத்தான் உண்மை தெரியும்.

மதராஸ் மாகாணத்தின் விமானம்

மாமா நெய்வேலிக்குப் போயிட்டார். எனக்குத் தைரியம் வந்துடுச்சு. கண்ணில் பட்ட கோட்டையெல்லாம் அடைச்சேன். டிஃபையன்ட்டின் முதுகில், இரண்டு பாதியும் சேரும் நீளக்கோட்டை அடைச்சேன். அதுக்குக் குறுக்கே போன இரண்டு கோடுகளையும் சேர்த்து அடைச்சேன். தேய்ச்சு, முதுகு கண்ணாடி மாதிரி ஆச்சு. ரொம்பப் பெருமை.

அப்புறம்தான் இந்த எபிசோடுக்காகப் படிக்க உட்கார்ந்தேன்.

டிஃபையன்ட் ஒரு விசித்திர விமானம். பைலட்டுக்கு முன்னால் சுடத் துப்பாக்கியே கிடையாது. அவருக்குப் பின்னால், முதுகில், ஒரு சுழலும் டரெட். நாலு துப்பாக்கி. அதற்குள் ஒரு கன்னர். விமானம் நேராகப் பறக்கும்போது டரெட்டுக்கு முன்னும் பின்னும் இருக்கும் முதுகுத் தகடுகள் உயர்ந்து நின்று காற்றுக்கு வழிவிடும். கன்னர் டரெட்டைத் திருப்பினால் அந்தத் தகடுகள் கீழே இறங்கி, துப்பாக்கிக் குழல் போக இடம் தரும். அந்தத் தகடுகளின் விளிம்புதான் நான் அடைத்த குறுக்குக் கோடுகள். நீளக்கோடு அச்சு செய்த தப்பு. குறுக்குக்கோடு விமானத்தின் உறுப்பு. எனக்கு ரெண்டும் ஒரே சந்தாத் தெரிஞ்சது. என் விமானத்தில் கன்னரால் இனி துப்பாக்கியைத் திருப்ப முடியாது.

கன்னருக்கு ஏற்கெனவே வழி குறுகல். டரெட்டின் பின்பக்கக் கதவு வழியாக வெளியேற வேண்டுமென்றால், டரெட் பக்கவாட்டில் திரும்பியிருக்க வேண்டும். விமானத்தின் மின்சாரம் போய் டரெட் நின்றுவிட்டால்? பல கன்னர்கள் வெளியே வர முடியாமல் விமானத்தோடே போனார்கள்.

இந்த விமானத்தை முதலில் ஓட்டியது 264-ஆம் ஸ்குவாட்ரன். அதன் முழுப் பெயரைக் கேளுங்க: 264 (மதராஸ் மாகாணம்) ஸ்குவாட்ரன். நம்ம மாகாணத்தின் பேர்தான். பிரிட்டிஷ் விமானப்படையில் 79, 234 ஆகிய ஸ்குவாட்ரன்களுக்கும் இதே பெயர் உண்டு. போருக்கு நிதி திரட்டிக் கொடுத்த ஊர்கள், மாகாணங்களின் பெயரை ஸ்குவாட்ரன்களுக்கு வைக்கும் வழக்கம் அப்போது இருந்தது. ஒரு சண்டை விமானத்துக்கு 5,000 பவுண்டு என்று நன்கொடைக் கணக்கு வைத்திருந்தார்கள். நெல்லிக்குப்பம் அன்றைக்குத் தென்னாற்காடு மாவட்டம், மதராஸ் மாகாணம். அந்தப் பெயருக்குள் எங்க ஊரும் இருக்கு.

ஆனால் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. செப்டம்பர் 1939-இல் வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியத் தலைவர்கள் யாரையும் கேட்காமல் இந்தியாவும் போரில் இருப்பதாக அறிவித்தார். அதை எதிர்த்து அக்டோபர் கடைசியில் மதராஸில் ராஜாஜியின் அமைச்சரவை ராஜினாமா செய்தது. அதே அக்டோபர் கடைசியில்தான் இங்கிலாந்தின் சட்டன் பிரிட்ஜ் தளத்தில் 264 ஸ்குவாட்ரன் எழுந்து நின்றது. அதன் பிறகு போர் முடியும்வரை மதராஸில் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரவை இல்லை, கவர்னர் ஆட்சிதான். மாகாணத்தின் பேர் விமானத்தின் மேல ஏறியது, மாகாணத்து மக்களைக் கேட்டு இல்லை.

29 மே 1940, டன்கர்க் வானத்தில் ஒரே நாளில் 37 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக 264 சொன்னது. உண்மை எண்ணிக்கை அதைவிடக் குறைவு என்று பின்னால் தெரிந்தது. டிஃபையன்ட்டுக்கு முன்னால் துப்பாக்கி இல்லை என்று ஜெர்மானியர்கள் புரிந்துகொண்டதும் எதிரிலிருந்தும் அடியிலிருந்தும் வந்தார்கள். 24 ஆகஸ்ட் 1940 அன்று அதன் தலைவர் ஃபிலிப் ஹன்டர் எதிரி விமானம் ஒன்றைத் துரத்திப் போனார், திரும்பவில்லை. அந்த மாதக் கடைசிக்குள் இழப்பு தாங்காமல் ஸ்குவாட்ரனைப் பகல் சண்டையிலிருந்து விலக்கி, இரவுச் சண்டைக்கு மாற்றினார்கள்.

இதெல்லாம் தெரிஞ்ச பிறகு அந்தக் கண்ணாடி முதுகை என்னால் பார்க்க முடியலை. கெட்டியான லேபிள் டேப்பை ஸ்கேல் மாதிரி ஒட்டி, ஒரு தையல் ஊசியைப் பிடியில் செருகி, அடைச்ச குறுக்குக் கோடுகளை மறுபடி கீறினேன். அழுத்தக் கூடாது. ஊசியின் எடையில் மட்டும், ஒரே திசையில், இருபது முப்பது இழுப்பு. முதல் கோடு வழுக்கிடுச்சு. மறுபடி அடைச்சு, ஒரு நாள் காய விட்டு, மறுபடி கீறினேன். அடைக்க பத்து நிமிஷம் ஆச்சு, திறக்க மூணு நாள்.

போன வாரம் மாமாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். றெக்கை மூலையை ரொம்ப நேரம் பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. அப்படின்னா சரியா இருக்குன்னு அர்த்தம். அப்புறம் முதுகைப் பார்த்துட்டுக் கேட்டார்: “இது ஏன் மாப்ள விட்டுட்ட?”

“அது விமானத்தோட சந்து மாமா. நம்மளோடது இல்லை.”

“ம்” என்றார்.

விமானத்தின் பக்கவாட்டில் பி, எஸ் என்று இரண்டு எழுத்து வரும். 264-இன் அடையாளம். அதை இந்த ஞாயிற்றுக்கிழமை ஒட்டப் போறேன். உங்க மேசையிலும் பாதியில் நிக்கற ஒரு விமானம் இருந்தா, அடைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை வெளிச்சத்துக்கு நேரே பிடிச்சுப் பாருங்க. எங்கே முட்டுதுன்னு எனக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.